பேரரசின் கம்பியில்லாத் தந்திச் சங்கிலி: பதினாறு ஆண்டுத் தாமதம் அதிர்ஷ்டமா, அலட்சியமா?

கம்பியற்றவன்:

நேற்று ஒரு கூட்டத்தில் பேசியவர், “பிரிட்டிஷ் அரசு கம்பியில்லாத் தந்தி வலையைத் தாமதித்துக் கட்டியதால்தான் சிற்றலை என்ற குறுகிய வானொலி அலையின் பயன் கிடைத்தது. பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று முடித்தார். கை தட்டினார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, ஆகவே இந்த இழை.

கதையை அறியாதவர்களுக்காக: மார்க்கோனி 1901 டிசம்பரில் கார்ன்வாலின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். 1907 அக்டோபரில் அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேக்கும் இடையே வணிகத் தந்திச் சேவையே தொடங்கிவிட்டது. 1910 மார்ச்சில் அவருடைய நிறுவனம் காலனி அலுவலகத்திடம் போய், பேரரசு முழுவதையும் இணைக்கும் 18 நிலையங்களைத் தன் செலவிலேயே கட்டித் தருவதாகச் சொன்னது. அரசு மறுத்தது. 1911இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாடு, அரசே சங்கிலியைச் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நேரடிச் சேவை திறந்தது 1927 செப்டம்பரில். நடுவில் ஐந்து பிரதமர்கள்: ஆஸ்குவித், லாயிட் ஜார்ஜ், போனர் லா, பால்ட்வின், மெக்டொனால்டு. எத்தனை குழுக்கள் என்று எண்ணிக்கொண்டே போனால் விரல் போதாது. இதற்குப் பெயர் பொறுமையா?

தணிக்கைக்கண்:

அன்பரே, முதல் மறுப்பிலேயே உங்களோடு முரண்படுகிறேன். 1910இல் ‘வேண்டாம்’ என்றது சரியான முடிவு. அப்போதே கடலடிக் கம்பிகளில் பெரும்பகுதி தனியார் கையில் இருந்தது. வானத்தையும் இன்னொரு தனியாருக்கு எழுதிக் கொடுப்பதா? “என் செலவில் கட்டுகிறேன்” என்று வருகிறவரிடம்தான் முதலில் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் சொல்கிறேன்.

1912இல் அரசு மார்க்கோனி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் பாருங்கள். ஆறு நிலையங்கள், நிலையம் ஒன்றுக்கு 60,000 பவுண்டு. அதற்கு மேல் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு, 28 ஆண்டுகளுக்கு. இலாபத்தில் அன்று, மொத்த வருமானத்தில்! அதை நாடாளுமன்றம் கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் நீங்களே இன்று வேறொரு இழை தொடங்கியிருப்பீர்கள்.

கம்பியற்றவன்:

கேள்வி கேட்டார்கள், சரி. எதைக் கேட்டார்கள்? நீண்ட அலையான நெட்டலையா, மின்வில்லால் அலை உண்டாக்கும் ஆர்க் முறையா, எத்தனை கிலோவாட் என்றா கேட்டார்கள்? அமைச்சர்கள் பங்கு வாங்கினார்களா என்றுதான் ஓராண்டு ஓடியது.

பினாங்குப்பெண்:

இடையில் குறுக்கிடுகிறேன். அந்தப் பங்கு விவகாரத்தை யாராவது எளிமையாகச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மாதிரி படித்திருக்கிறேன்.

கம்பியற்றவன்:

சொல்கிறேன். மார்க்கோனி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் காட்ஃப்ரி ஐசக்ஸ். அவருடைய அண்ணன் ரூஃபஸ் ஐசக்ஸ், ஆஸ்குவித் அரசின் அட்டர்னி ஜெனரல். ஒப்பந்தப் புள்ளி ஏற்கப்பட்டது 1912 மார்ச்சில். ஏப்ரலில் ரூஃபஸ் அமெரிக்க மார்க்கோனி நிறுவனத்தின் 10,000 பங்குகளை இன்னொரு சகோதரரிடம் வாங்கினார். பங்கு ஒன்றுக்கு 2 பவுண்டு, பொதுச்சந்தையில் வரும் முன்பே. அதில் ஆயிரத்தை நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கும் ஆயிரத்தை ஆளுங்கட்சித் தலைமைக் கொறடா மரேக்கும் கொடுத்தார். அந்த வாரத்தில்தான் டைட்டானிக் மூழ்கியது. பிழைத்தவர்களைக் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி என்பதால் மார்க்கோனி என்ற பெயருக்கே விலை ஏறியிருந்தது.

அக்டோபரில் அமைச்சர்கள் அவையில் எழுந்து, “அந்த நிறுவனத்தின்” பங்குகளில் தமக்குத் தொடர்பில்லை என்றார்கள். அந்த நிறுவனம் என்றால் ஆங்கில மார்க்கோனி. அமெரிக்க மார்க்கோனியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. “நான் உங்கள் வீட்டு மாமரத்தில் ஏறவே இல்லை” என்று ஒரு சிறுவன் சத்தியம் செய்தான். ஏறியது பக்கத்து வீட்டு மரம், கிளை மட்டும் இந்தப் பக்கம். அந்த மாதிரி.

1913 தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சு நாளிதழ் மீது ரூஃபஸும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஹெர்பர்ட் சாமுவேலும் தொடுத்த அவதூறு வழக்கில்தான் அமெரிக்கப் பங்குகள் வெளியே வந்தன. இதை விசாரித்த நாடாளுமன்றத் தேர்வுக் குழு கட்சி வாரியாகப் பிரிந்து ஜூனில் அறிக்கை கொடுத்தது. மரே அப்போது தென் அமெரிக்காவில், போகோடாவில் இருந்தார்! அவர் கட்சி நிதிக்கும் அதே பங்குகளை வாங்கியிருந்தது பின்னால் தெரிந்தது.

யாருக்கும் பதவி போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ரூஃபஸ் தலைமை நீதிபதியானார். நமக்கு அவரை வேறு பெயரில் தெரியும்: 1921 முதல் 1926 வரை இந்திய வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபு.

பினாங்குப்பெண்:

ரீடிங் பிரபுவா! பாடப்புத்தகத்தில் இதை ஏன் சொல்லவில்லை?

தணிக்கைக்கண்:

நியாயமாகப் பார்த்தால், சாமுவேல் மீது ஒரு பங்கும் நிரூபிக்கப்படவில்லை. ஒப்பந்தமும் ஊழலுக்கு விலை போனதாக எவரும் காட்டவில்லை. பார்க்கர் பிரபுவின் தலைமையில் தொழில்நுட்பக் குழு அமைத்துக் கேட்டார்கள். அந்தத் தொலைவுக்கு உடனடியாக, நம்பிக்கையோடு கட்டித் தரக்கூடியது மார்க்கோனி முறைதான் என்று குழு சொன்னது. 1913 ஜூலை கடைசியில் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். ஓராண்டு வீண் என்பீர்கள். ஓர் அரசுக்கு ஓராண்டு பெரிதில்லை.

மோர்ஸ் தாத்தா:

பெரிதில்லைதான், அடுத்த ஆண்டு 1914ஆக இல்லாதிருந்தால்.

தணிக்கைக்கண்:

ஐயா, இது அடிக்குமேல் அடி.

மோர்ஸ் தாத்தா:

அடி இல்லை தம்பி, நாட்காட்டி.

ஜெர்மானியர்கள் அதே காலத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். டெலிஃபுங்கன் நிறுவனம் பெர்லின் அருகே நவுவன் நிலையத்தை வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுக் கமினாவில் ஒரு மாபெரும் நிலையத்தை எழுப்பியது. விண்ட்ஹுக், தார் எஸ் சலாம், பசிபிக்கில் யாப், நவுரு, சமோவா என்று அவர்கள் சங்கிலி நீண்டது. ஜெர்மனிக்கு உலகெங்கும் கடலடிக் கம்பி போதாது. இருந்ததையும் போர் வந்தால் இங்கிலாந்து வெட்டிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். தேவை இருந்தவன் ஓடினான். 1914 ஆகஸ்டு 5ஆம் தேதி விடியலில் ‘அலர்ட்’ என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி ஜெர்மன் கம்பிகளை வெட்டியது.

இங்கிலாந்து பக்கம்? லீஃபீல்டிலும் எகிப்தின் அபு சாபாலிலும் பாதிக் கட்டடம். டிசம்பர் கடைசியில் போரைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தையே கைகழுவினார்கள். மார்க்கோனி நிறுவனம் வழக்குப் போட்டது. 1919இல் கிடைத்த இழப்பீடு 590,000 பவுண்டு. நிலையம் ஒன்றுக்கு 60,000 என்று தம்பிதான் மேலே எழுதியிருக்கிறார். ஆறு நிலையங்களுக்கு எவ்வளவு? தணிக்கைக்காரர் பெருக்கிச் சொல்லட்டும்.

தணிக்கைக்கண்:

360,000. பெருக்கத் தெரியும் ஐயா.

ஒன்றும் கட்டாமல் இருந்ததற்குக் கட்டுவதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இழப்பீட்டில் ராயல்டி இழப்பும் கலந்திருக்கும், ஆகவே நேரடி ஒப்பீடு சரியல்ல. ஆனாலும் கமினாவைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். 1914 கோடையில் இயங்கத் தொடங்கியது, ஆகஸ்டு மாதமே எதிரி நெருங்கியதும் ஜெர்மானியரே இடித்துப் போட்டார்கள். அவ்வளவு பணமும் சில வாரங்களுக்கு.

கம்பியற்றவன்:

அந்தச் சில வாரங்கள்தான் போர் தொடங்கிய வாரங்கள்.

பினாங்குப்பெண்:

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட அதே எம்டன், அக்டோபர் 28 காலை பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. என் பாட்டியின் அம்மா வெடிச்சத்தத்தைக் கேட்டதாக வீட்டில் சொல்வார்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் 1870களிலிருந்தே கடலடிக் கம்பி இருந்தது. இருந்தும் ஒரு கப்பல் ஐந்து வாரம் வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கலக்கியிருக்கிறது. கம்பி கரையோடு நின்றுவிடும். கடலில் இருப்பவனிடம் எப்படிச் சொல்வது? புனேயிலும் சிங்கப்பூரிலும் திட்டமிட்ட நிலையங்கள் எழுந்திருந்தால்?

தணிக்கைக்கண்:

எம்டன் மாட்டியதே கம்பியில்லாத் தந்தியால்தான் அம்மா. கோகோஸ் தீவில் அவர்கள் கரையிறங்கியபோது அங்கிருந்தவர்கள் கம்பம் சாயும் முன் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். சங்கிலி ஒன்றும் தேவைப்படவில்லை.

கம்பியற்றவன்:

சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தற்செயலாக ஐம்பது மைல் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காக்கையின் சாமர்த்தியம் என்பீர்களா?

நெல்லை அலை:

இந்தப் பழமொழியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, இழையின் தலைப்புக்கே அதுதான் விடை. நான் ஹாம் வானொலிக்காரன், அதாவது பொழுதுபோக்காக வானொலி இயக்குபவன், தொழில்நுட்பத்தை மட்டும் பேசுகிறேன்.

1911இல் எல்லோரும் நம்பியது: தொலைவு கூடக் கூட அலைநீளம் கூட வேண்டும். ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலை, அதற்குப் பல நூறு அடிக் கம்பங்கள், நூற்றுக்கணக்கில் கிலோவாட். நெட்டலை நிலத்தை ஒட்டித் தவழும். வெப்பமண்டலத்தில் இடிமின்னல் இரைச்சலில் அது எப்படித் தத்தளிக்கும் என்று கோடை இரவில் ஏ.எம். வானொலி கேட்டவர்களுக்குத் தெரியும். புனே நிலையம் பருவமழையில் பட்டிருக்கும் பாட்டை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

சிற்றலை வேறு சாதி. 100 மீட்டருக்குக் கீழே போனால் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இறங்கும். அதைக் குவித்து ஒரே திசையில் அனுப்பினால் இருபது கிலோவாட் போதும். இதை 1911இல் பிரிட்டிஷ் அரசு மட்டுமல்ல, மார்க்கோனியும் அறியவில்லை. அமெரிக்காவில் 200 மீட்டருக்குக் கீழே பயன் இல்லை என்று பொழுதுபோக்காளர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் முன்னோர்கள் அந்தக் குப்பைமேட்டில் மாணிக்கம் எடுத்தார்கள். 1923 நவம்பரில் பிரான்சும் அமெரிக்காவும் 110 மீட்டர் அளவில் இருவழியாகப் பேசின, இரு பக்கமும் பொழுதுபோக்காளர்கள்.

1924 அக்டோபர் 18: லண்டன் மில் ஹில் பள்ளியில் படித்த செசில் கோய்டர் என்ற மாணவன் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லோடு பேசினான். உலகத்தின் மறுபக்கம்! பேரரசு பதின்மூன்று ஆண்டுகள் குழு போட்டுத் தேடியதைப் பள்ளிக்கூடத்துப் பையன் செய்தான். அந்தக் கோய்டர்தான் பிற்பாடு அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர். 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் திறந்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் அவர். திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு கும்பிடு போடுங்கள்.

தணிக்கைக்கண்:

நன்றி தம்பி. ஆக, 1914க்குள் சங்கிலியைக் கட்டி முடித்திருந்தால் ஆறு நெட்டலை யானைகளைக் கட்டித் தீனி போட்டிருப்பார்கள், 28 ஆண்டு ராயல்டியோடு. தாமதம் பணத்தைக் காப்பாற்றியது.

கம்பியற்றவன்:

இதைத்தான் மறுக்கிறேன். அரசு காத்திருக்கவில்லை. காத்திருப்பவனுக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். போருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

1918 செப்டம்பர் 22இல் வேல்ஸின் கார்னர்வன் அருகே இருந்த மார்க்கோனி நிலையத்திலிருந்து சிட்னியின் புறநகர் வருங்காவுக்கு நேரடிச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் அனுப்பியது. நடுவில் ஒரு நிலையமும் இல்லை. அதற்குப் பிறகு, 1920இல், சர் ஹென்றி நார்மன் குழு என்ன பரிந்துரைத்தது? 2,000 மைலுக்கு ஒரு நிலையம் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பலாம் என்றது. கெய்ரோவில் இறக்கி ஏற்று, புனேயில் இறக்கி ஏற்று, சிங்கப்பூரில் இறக்கி ஏற்று... திருநெல்வேலி போக நேர் ரயில் இருக்கும்போது ஊர் ஊராக டவுன் பஸ் மாறிப் போகச் சொல்கிறார்கள். ஹியூஸ் கொதித்தெழுந்து, ஆஸ்திரேலியா தனி வழி பார்க்கும் என்றார், பார்த்தது.

அந்தத் திட்டத்தில் முளைத்தவை பாதியில் நின்ற அதே லீஃபீல்டு 1921இல், அதே அபு சாபால் 1922இல். பத்தாண்டுகளுக்கு இரண்டு. 1923 மார்ச்சில் போனர் லா, தனியாரும் கட்டலாம் என்று அறிவித்தார். அஞ்சல்துறையும் மார்க்கோனியும் உரிம நிபந்தனைக்காக அந்த ஆண்டு முழுவதும் இழுத்துக்கொண்டார்கள். 1924 பிப்ரவரியில் டொனால்டு குழு வந்து, எல்லாம் அரசே என்றது. 1911இல் எங்கே நின்றோமோ அங்கேயே!

அதே நேரம் அஞ்சல்துறை இங்கிலாந்தின் ரக்பி என்ற ஊரில் 820 அடி உயரத்தில் பன்னிரண்டு கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தது. நெட்டலைக்கு. ஆகவே, தணிக்கைக்கண் அவர்களே, யானையைத் தவிர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. யானைக்குக் கொட்டகை போடுவதிலேயே தாமதித்தார்கள், அதற்குள் வேறொருவன் சைக்கிளைக் கண்டுபிடித்துவிட்டான்.

நெல்லை அலை:

ரக்பியை மட்டும் இகழாதீர்கள் அண்ணா. 1926 ஜனவரி 1இல் திறந்தது, 16 கிலோஹெர்ட்ஸ். நெட்டலை கடல்நீருக்குள்ளும் கொஞ்சம் இறங்கும் என்பதால் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி சொல்ல 2003 வரை அதை வைத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் விஜயநாராயணம் பக்கம் போனால் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படை நிலையத்தின் கம்பங்கள் தெரியும். 1990 முதல் அதே வேலைதான் செய்கின்றன. பேரரசுத் தந்திக்குத் தப்பான கருவி, வேறு வேலைக்குச் சரியான கருவி.

மோர்ஸ் தாத்தா:

நெல்லைத் தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் வேலை பார்த்த தந்தி அலுவலகம் ஒன்றில், பெயர் வேண்டாம், பழுதான டெலிபிரிண்டரை மாற்றக் கேட்டு எழுதினோம். எழுதினோம் என்றால் ஒன்பது முறை. புதியது வந்து சேர்ந்தபோது அந்த வழித்தடத்தையே மூடிவிட்டார்கள். பெட்டியைப் பிரிக்காமல் மூன்று ஆண்டு அதன்மேல் தேநீர்க் குவளை வைத்தோம். “நல்லவேளை, தாமதமாக வந்ததால் புதுசு கெடாமல் இருக்கிறது” என்றார் மேலதிகாரி. தணிக்கைத் தம்பியைப் படிக்கும்போது அவர் முகம் நினைவுக்கு வருகிறது. கோபிக்காதே அப்பா.

தணிக்கைக்கண்:

கோபமில்லை ஐயா, அந்தப் பெட்டியைத் தணிக்கை செய்தவன் நானாகக்கூட இருக்கலாம்.

ஆனால் 1924 ஜூலையை மறக்கக் கூடாது. மார்க்கோனியும் அவருடைய பொறியாளர் ஃபிராங்க்ளினும் சிற்றலைக் கற்றை முறையோடு வந்தபோது, டொனால்டு குழு அறிக்கையின் மை காய்வதற்குள் அரசு ஒப்பந்தம் போட்டது. எப்படிப் போட்டது? நிமிடத்துக்கு நூறு சொல் ஓட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு நாள் ஒன்றுக்குச் சராசரி ஏழு மணி நேரமாவது ஓட வேண்டும். இல்லையென்றால் ஏற்க மாட்டோம். 1912இல் இப்படி ஒரு நிபந்தனையை எழுத அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நெல்லை அலை:

அதில் துணிச்சல் மார்க்கோனியுடையது. கையெழுத்துப் போட்டபோது அவர் கையில் இருந்தது இரவில் மட்டும் நன்றாக எட்டும் அலை. பகலில் ஓடும் 32 மீட்டர் அலையை, எலெட்ரா என்ற தம் படகில் பெய்ரூட் வரை போய் உறுதி செய்தது அதற்குப் பிறகுதான். தோற்றிருந்தால் நிறுவனமே கவிழ்ந்திருக்கும்.

அவரும் காலந்தாழ்த்தினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். கனடாச் சேவை 1926 அக்டோபர், ஆஸ்திரேலியா 1927 ஏப்ரல், தென்னாப்பிரிக்கா ஜூலை, இந்தியா செப்டம்பர். இந்தியாவில் அனுப்பும் நிலையம் புனே அருகே கட்கியில், வாங்கும் நிலையம் தவுண்டில். 1912 திட்டத்தில் இருந்த அதே புனே வட்டாரம். இடம் மட்டும் மாறவில்லை.

பினாங்குப்பெண்:

அப்புறம் கடலடிக் கம்பிக்காரர்கள் என்ன ஆனார்கள்?

மோர்ஸ் தாத்தா:

அழுதார்கள். கற்றைக் கட்டணம் மலிவு, ஆகவே போக்குவரத்து அந்தப் பக்கம் சாய்ந்தது. போர் வந்தால் கம்பி வேண்டும், கம்பி நிறுவனம் திவாலானால் யார் பராமரிப்பது என்று அரசே கவலைப்பட்டது. 1928இல் இன்னொரு மாநாடு (பின்னே?). கம்பியையும் கம்பியில்லாததையும் ஒரே நிறுவனமாக்கினார்கள். 1929இல் உருவான அதுதான் 1934இல் கேபிள் அண்டு வயர்லெஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அஞ்சல்துறை தன் கற்றை நிலையங்களை அவர்களுக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது.

தனியார் ஏகபோகம் கூடாது என்றுதானே 1910இல் மறுத்தார்கள்? பத்தொன்பது ஆண்டு கழித்து, தாமே கட்டி, ஓட்டிக் காட்டி, இலாபம் வருகிறது என்று உறுதியானதும் தனியார் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தார்கள்.

கம்பியற்றவன்:

தணிக்கைக்கண் அவர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தணிக்கைக்கண்:

குத்தகைத் தொகை ஆண்டுக்கு 250,000 பவுண்டு. அந்த ஒரு வரியை மட்டும் என் பக்கம் வரவு வையுங்கள். மற்றதெல்லாம் செலவுதான், ஒப்புக்கொள்கிறேன்.